எண்ணத்துக்கும் சம்மதத்துக்கும் இடையே

(தவக்காலக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லெந்து நாட்கள் என்று சொல்கிறவர்களும் தவக்காலம் என்று சொல்கிறவர்களும் இந்த அரங்கில் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பெயர் எதுவானாலும் நாற்பது நாளின் தொடக்கத்தில் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பகுதி ஒன்றுதான். இயேசு வனாந்தரத்தில் பிசாசினால் சோதிக்கப்பட்ட பகுதி அது. அதை ஒட்டி, சோதனையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள்.

ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, எனக்கு இப்படி ஒரு நினைப்பு வந்துவிட்டதே, நான் கடவுளை விட்டு விலகிப் போய்விட்டேனா?" இதைக் கேட்கிறவர்கள் ஜெபிக்கிறவர்கள், மனசாட்சி உள்ளவர்கள். எண்ணம் வந்ததையே விழுந்ததாக நினைத்துப் பயப்படுகிறார்கள். பயந்து ஒளிக்கிறார்கள். ஒளித்த இடத்தில் அது வளர்கிறது. அப்புறம் ஒரு நாள் உண்மையாகவே விழுந்துவிடுகிறார்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்தப் பயத்தைப் பற்றித்தான். தீய எண்ணம் வருவது பாவமாகாது என்பது திருச்சபையின் பழைய போதனை. அந்த எண்ணத்தை ஒளித்து வைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது என்பதும் அதே அளவு பழைய போதனை. முதலாவதைக் கொஞ்சமாவது சொல்லிக் கொடுக்கிறோம். இரண்டாவதை அநேகமாக மறந்துவிட்டோம்.

வனாந்தரத்திலிருந்தே தொடங்குகிறேன். இயேசு ஞானஸ்நானம் பெற்ற கையோடு இது நடக்கிறது. வானத்திலிருந்து குரல் கேட்டாகிவிட்டது. பிரியமான குமாரன் என்று சாட்சி சொல்லியாகிவிட்டது. அதற்கு அடுத்த காட்சியே சோதனை. கடவுளுக்கு நெருக்கமானவர்களுக்குச் சோதனை வராது என்று நினைக்கிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். மூன்று சோதனைகளில் முதலாவதைப் பாருங்கள். நாற்பது நாள் பசித்தவர் அப்பம் சாப்பிடுவதில் என்ன குற்றம்? ஆலய உச்சியிலிருந்து குதி என்று சொல்லும்போது சோதனைக்காரன் ஒரு சங்கீதத்தையே எடுத்து நீட்டுகிறான். கெட்டது கெட்டதாகவே வந்தால் நம்மில் பலர் தப்பித்துவிடுவோம். அது நியாயத்தை உடுத்திக்கொண்டு வருகிறது, சில வேளை வேதவசனத்தையும் கையில் பிடித்துக்கொண்டு வருகிறது.

இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து எடுத்தவை. மூன்றும் சிறியவை. இதை ஏதேன் தோட்டத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். அங்கே ஏவாள் சர்ப்பத்தோடு உரையாடலில் இறங்குகிறாள். கடவுள் சொல்லாததையும் சேர்த்து, கனியைத் தொடவும் கூடாது என்று சொல்கிறாள். விவாதம் நீள நீளக் கனியின் அழகு கண்ணில் படுகிறது. வனாந்தரத்தில் விவாதமே இல்லை. ஒரு வசனம், அத்தோடு வாய் மூடப்படுகிறது. லூக்கா இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறார்: பிசாசு அவரைவிட்டு விலகியது சில காலத்துக்குத்தான். ஒரு முறை ஜெயித்ததால் யுத்தம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்துக்கு நற்செய்தியில் இடமில்லை. எபிரெயருக்கு எழுதிய நிருபம் இதையெல்லாம் தொகுத்து, அவர் எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவமில்லாதவர் என்கிறது. சோதிக்கப்படுவதே பாவமானால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

யாக்கோபு இதை இன்னும் நுட்பமாகச் சொல்கிறார். கடவுள் ஒருவரையும் தீமையால் சோதிப்பதில்லை. அவனவன் தன் சொந்த இச்சையால் இழுக்கப்படுகிறான். இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பெறுகிறது. பாவம் முழு வளர்ச்சி அடைந்து மரணத்தைப் பெறுகிறது. கருத்தரிப்புக்கும் பிறப்புக்கும் நடுவே காலம் இருக்கிறது. அந்த இடைவெளியில் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து, வருடக்கணக்காகக் கவனித்து, எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகள் அவர்கள்.

அவர்களில் ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். வனத்து அந்தோணியார். நம் ஊர்களில் அவர் பெயரில் கோயில் உண்டு, திருவிழா உண்டு. பதுவை அந்தோணியார் வேறு, இவர் வேறு. இவர் எகிப்தியர், 356ஆம் ஆண்டு இறந்தவர். அவர் வரலாற்றை அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் எழுதினார். படங்களில் அந்தோணியாரைச் சுற்றிக் கொம்பும் வாலுமாகப் பேய்களை வரைவார்கள். அத்தனாசியார் முதலில் சொல்வது அதை அல்ல. சொத்தை எல்லாம் கொடுத்துவிட்டு வந்த இளைஞனுக்கு முதலில் வந்தது அந்தச் சொத்தின் நினைவு. அடுத்தது தங்கையைப் பற்றிய கவலை, உறவினரின் பாசம், இந்த வழி எவ்வளவு கடினம் என்ற மலைப்பு. தங்கையைப் பற்றிக் கவலைப்படுவது கெட்ட எண்ணமா? அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகப் பாய்ந்தது.

இந்தப் பாலைவன மரபை ஒரு கல்வியாகவே ஒழுங்குபடுத்தியவர் எவாக்ரியுஸ். கருங்கடல் கரையில் இருந்த பொந்து நாட்டுக்காரர். ஆயர் பசிலியார் அவரைத் திருச்சபையில் வாசகராக்கினார். ஆயர் நசியான்சு கிரகோரியார் அவரைத் திருத்தொண்டராக்கினார். 381இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் கூடியபோது அந்தத் தலைநகரில் நாவன்மை மிக்க இளம் திருத்தொண்டராக அவர் பெயர் பெற்றார். அந்தப் புகழின் நடுவில் ஓர் உயர்குடிப் பெண்மேல், வேறொருவரின் மனைவிமேல், அவருக்குக் காதல் வந்தது. அவளுக்கும் வந்தது. அவருடைய சீடர் பல்லாதியுஸ் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஓர் இரவு எவாக்ரியுஸ் கனவில் தன்னைச் சேவகர்கள் சங்கிலியால் கட்டி இழுத்துப் போவதைக் கண்டார். தெரிந்த ஒருவரின் சாயலில் அங்கே ஒருவர் வந்து, ஊரைவிட்டுப் போய்விடுவதாக நற்செய்தி நூல்மேல் ஆணையிடு என்றார். ஆணையிட்டார். விழித்ததும் சாமான்களைக் கப்பலில் ஏற்றிவிட்டு எருசலேமுக்குப் புறப்பட்டுவிட்டார்.

இப்படி ஓடுவது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போத்திபாரின் வீட்டில் யோசேப்பு செய்ததும் இதுதான். மேலாடை போத்திபாரின் மனைவி கையில் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு ஓடினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது சிறைவாசம்! எதிர்த்து நின்றவனுக்கு உடனே பரிசு கிடைத்துவிடும் என்று வேதம் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பவுலும் வேசித்தனத்தை எதிர்த்துப் போராடு என்று எழுதவில்லை, விலகி ஓடுங்கள் என்றே கொரிந்து சபைக்கு எழுதினார். சில சோதனைகளுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். சிலவற்றின் முன்னால் நிற்கவே கூடாது. இரவு பன்னிரண்டு மணிக்குக் கைபேசியைப் படுக்கையில் வைத்துக்கொண்டு மனவலிமை வேண்டும் என்று ஜெபிக்கிற தம்பிமார்களே, முதலில் அந்தக் கைபேசியை அடுத்த அறையில் கொண்டுபோய் வையுங்கள். ஜெபம் அப்புறம் ஆகட்டும்.

ஆனால் ஓடினால் மட்டும் போதாது என்பதும் எவாக்ரியுஸின் கதையிலேயே இருக்கிறது. எருசலேமில் ஒலிவ மலையில் மடம் நடத்திய மெலானியா அம்மையார் அவரை வரவேற்றார். அங்கே போனதும் தயக்கம் வந்தது. பழைய பேச்சும் பழைய உடைகளும் திரும்பின. பிறகு காய்ச்சல் கண்டு ஆறு மாதம் படுக்கை. மருத்துவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மெலானியா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மகனே, இது சாதாரண நோயாகத் தெரியவில்லை, மனதில் இருப்பதைச் சொல் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னார். துறவற வாழ்வை எடுத்துக்கொள்வதாக வாக்கும் கொடுத்தார். சில நாட்களில் எழுந்துவிட்டார் என்று பல்லாதியுஸ் எழுதுகிறார். அதன்பின் அவர் எகிப்துக்குப் போனார். அலெக்சாந்திரியாவுக்குத் தெற்கே நித்திரியாவில் இரண்டு ஆண்டு, பிறகு இன்னும் உள்ளே கெல்லியாவில் 399இல் இறக்கும்வரை. ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் ரொட்டி. நூல்களைப் பிரதி எடுத்து, தான் சாப்பிடும் அளவுக்கு மட்டும் கூலி வாங்கினார்.

அங்கே அவர் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்டார்: போஜனப் பிரியம், காமம், பொருளாசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ்ச்சி, பெருமை. இரண்டு நூற்றாண்டு கழித்துப் போப்பாண்டவர் பெரிய கிரகோரியார் இதை மாற்றி அமைத்த வடிவத்திலிருந்துதான் நாம் மறைக்கல்வியில் படித்த ஏழு தலையான பாவங்கள் வந்தன. எவாக்ரியுஸ் வைத்திருந்தது பாவங்களின் பட்டியல் இல்லை. பாவமாக மாறக்கூடிய எண்ணங்களை அவர் வரிசைப்படுத்தினார்.

போஜனப் பிரியம் பற்றி அவர் எழுதியதைப் படித்து நான் அசந்துபோனேன். துறவியின் மனதில் விருந்துச் சாப்பாடு தோன்றும் என்று எதிர்பார்ப்போம். அவர் சொல்வது, வயிறு கெட்டுப்போகும், ஈரல் வீங்கும், நீண்ட நோய் வரும், இங்கே வைத்தியரும் இல்லை என்ற பயம் தோன்றும் என்று. பொருளாசை எப்படி வருகிறது? தங்கக் குவியலாக வருவதில்லை. நாளைக்கு முதுமை வரும், கை உழைக்காது, பஞ்சம் வரும், பிறரிடம் கை நீட்ட நேரும் என்ற முன்யோசனையாக வருகிறது. இந்த இரண்டு இடங்களிலும் ஆசைக்கு முகம் இல்லை, பயத்துக்குத்தான் முகம் இருக்கிறது. நம் வீடுகளில் லஞ்சம் வாங்குகிறவர் யாராவது பேராசை என்று சொல்லி வாங்குகிறாரா? பிள்ளைகளின் எதிர்காலம் என்றுதானே சொல்கிறார்?

சோர்வைப் பற்றி அவர் எழுதியதைச் சொல்லாமல் போக முடியாது. காலை பத்து மணி வாக்கில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணி வரை பிடித்து ஆட்டும் எண்ணம் இது; நண்பகல் பேய் என்றே அதற்குப் பெயர். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல் தோன்றுகிறது. துறவி சன்னலைப் பார்க்கிறான். வெளியே வந்து, சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலைப் பார்க்கிறான். யாராவது வருகிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறான். பிறகு இந்த இடம் பிடிக்கவில்லை, இந்த வேலை பிடிக்கவில்லை, இங்கே யாருக்கும் அன்பே இல்லை, வேறிடம் போனால் கடவுளை இன்னும் நன்றாகச் சேவிக்கலாம். அலுவலகத்திலும் சமையலறையிலும் படிப்பு மேசையிலும் இந்த நண்பகலைக் கடக்காதவர் இந்த அரங்கில் யார்? இதற்கு அவர் சொன்ன முக்கியமான மருந்து: இருக்கிற இடத்தை விட்டு எழுந்து போகாதே.

எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்ட உடனே அவர் சேர்த்துச் சொன்ன கருத்துதான் என் பேச்சின் மையம். இந்த எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாததும் நம் கையில் இல்லை. அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்றார் அவர். போய்மென் என்ற இன்னொரு பாலைவனப் பெரியவரிடம் ஒரு துறவி வந்து, அப்பா, எனக்கு ஏகப்பட்ட எண்ணங்கள் வருகின்றன, நான் அழிந்துபோவேன் என்று அழுதான். போய்மென் அவனை வெளியே கூட்டிவந்து, மார்பை விரித்துக் காற்றைப் பிடித்து நிறுத்து பார்க்கலாம் என்றார். முடியாது என்றான். எண்ணங்கள் வருவதையும் உன்னால் தடுக்க முடியாது, எதிர்த்து நிற்பதுதான் உன் வேலை என்று அனுப்பிவைத்தார். பெரியவர்களை அவர்கள் அப்பா என்றும் அம்மா என்றும்தான் அழைத்தார்கள்.

சீனாய் மலை மடத்தின் யோவான் கிளிமாக்கஸ் 7ஆம் நூற்றாண்டில் இந்த இடைவெளியைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். ஒரு சபையின் பொருளாளரை வைத்து அதைப் பார்ப்போம். கட்டட நிதி அவர் பையில் இருக்கிறது. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாளை கடைசி நாள். இந்தப் பணம் இருக்கிறதே என்று ஒரு நினைப்பு மின்னுகிறது. இது முதல் படி. இதில் பாவமே இல்லை என்கிறார் கிளிமாக்கஸ். அடுத்து அவர் அந்த நினைப்போடு பேச ஆரம்பிக்கிறார்: பத்து நாளில் சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம், ரசீதுப் புத்தகத்தை அதற்குள் யாரும் பார்க்கப்போவதில்லை. இது இரண்டாம் படி. பிறகு உள்ளுக்குள் ஒரு சரி விழுகிறது, அது சம்மதம். அதற்கப்புறம் அந்த எண்ணம் அவரைக் கட்டி இழுக்கிறது, போராட்டம் வருகிறது, பல முறை நடந்தால் அது அவருடைய குணமாகவே ஆகிவிடுகிறது. முதல் படியில் அவர் மனைவியிடம், இன்றைக்கு எனக்கு இப்படித் தோன்றியது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒரு நிமிடப் பேச்சு. நான்காம் படிக்கு வந்தபின் அதே விஷயத்தைச் சொல்ல எவ்வளவு கண்ணீர் வேண்டியிருக்கிறது!

பதில் சொல்வதற்கென்றே எவாக்ரியுஸ் ஒரு நூல் தொகுத்தார். எட்டு எண்ணங்களுக்கு எட்டுப் பகுதி. ஒவ்வோர் எண்ணமும் எந்த வார்த்தையோடு வருகிறது என்று எழுதி, அதற்கு நேரே ஒரு வேதவசனம். ஏறத்தாழ ஐந்நூறு வசனங்கள். வனாந்தரத்தில் இயேசு செய்ததையே அவர் கைப்புத்தகமாக்கினார். பிற்காலத்தில், பழைய இறையியலாளர் ஓரிகனின் போதனைகளோடு சேர்த்து அவர் கண்டிக்கப்பட்டதால் கிரேக்கத்தில் இந்த நூல் அழிந்துபோயிற்று. சிரியாக் மொழியில் தப்பியது. உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் எண்ணம் எது என்று உங்களுக்கே தெரியும். அதற்கென்று ஒரே ஒரு வசனத்தை இப்போதே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது.

இனி ஒளிப்பதைப் பற்றிப் பேசுகிறேன். எகிப்தில் வாழ்ந்துவிட்டு மார்செயில் மடம் நிறுவிய யோவான் காசியான் எழுதிய உரையாடல்களில் செராப்பியோன் என்ற பெரியவரின் சிறுவயதுக் கதை வருகிறது. தெயோனாஸ் அப்பாவோடு தங்கியிருந்த பையன் அவர். தினமும் பிற்பகல் சாப்பாடு முடிந்ததும் ஓர் உலர் ரொட்டியை எடுத்து மார்புத் துணிக்குள் செருகிக்கொள்வார். சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் தின்பார். தின்னும்போது இருந்த ருசியைவிடத் தின்றபின் வந்த வேதனை பெரிது. ஆனாலும் மறுநாளும் கை போகும். தப்பவும் முடியவில்லை, சொல்லவும் துணிவில்லை. ஒரு நாள் சில துறவிகள் வந்து, போஜனப் பிரியத்தைப் பற்றியும் ஒளித்த எண்ணங்களின் வல்லமையைப் பற்றியும் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த பையன் தேம்பி அழத் தொடங்கி, துணிக்குள்ளிருந்த அன்றைய ரொட்டியை எல்லார் முன்பும் எடுத்து வைத்துவிட்டான். தெயோனாஸ் அடிக்கவில்லை, தண்டனையும் கொடுக்கவில்லை. நீ சொன்னதே உன்னை விடுவித்துவிட்டது, இனி அது உன்னை ஆளாது என்றார். அந்த ஆசை அதற்குப் பிறகு தலைகாட்டவே இல்லை என்று செராப்பியோன் சொல்கிறார்.

திருடியது ஒரு ரொட்டிதான். அதை இவ்வளவு காலம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றால், அந்த ஆசையைக் காப்பாற்றி வைத்திருந்தது ரகசியம்தான் என்று அவர்கள் கண்டதால். நம் காலத்துக்கு அருகிலும் இதே உண்மையைக் கண்டவர்கள் உண்டு. 1935இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது. கடவுளிடம் சொன்னால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு அந்த மூன்றாவது ஆள் ஏன் தேவைப்படுகிறார் என்பதைக் குடியிலிருந்து மீண்ட எவரும் சொல்வார். குடி, சூதாட்டம், விடாத மனச்சோர்வு இவற்றில் மருத்துவரும் வேண்டும். அவரிடம் போவதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லக் கூடாது.

யாரிடம் சொல்வது என்ற கேள்வி கடினமானது. அதே காசியான் அதே உரையாடலில் நேர் எதிரான கதையையும் வைத்திருக்கிறார். ஓர் இளந்துறவி காம எண்ணங்களால் வாடி ஒரு முதியவரிடம் போய்ச் சொன்னான். அவரோ, நீ துறவி என்ற பெயருக்கே லாயக்கில்லை என்று வெடித்துவிட்டார். பையன் நம்பிக்கை இழந்து, துறவை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்வோம் என்று ஊர்ப்பக்கம் நடந்தான். வழியில் அப்பா அப்பல்லோ பார்த்தார். முகத்தைப் பார்த்தே விசாரித்து, தம்பி, இந்த வயதிலும் எனக்கு இதே எண்ணங்கள் தினமும் வருகின்றன, ஒரே ஒரு நாள் திரும்பிப் போ என்று அவனை அனுப்பிவிட்டார். பின்பு அந்த முதியவரின் குடில் அருகே நின்று, ஆண்டவரே, இந்தச் சோதனை இவருக்கு வரட்டும் என்று ஜெபித்தார். கொஞ்ச நேரத்தில் முதியவர் பித்துப் பிடித்தவர்போல் வெளியே ஓடிவந்து, அந்தப் பையன் போன அதே பாதையில் போகப் பார்த்தார். அப்பல்லோ அவரைத் தடுத்து நிறுத்தி, நீர் இதுவரை சோதிக்கப்படாததால்தான் பிறர்மேல் இரக்கம் காட்டத் தெரியவில்லை என்றார்.

போதகர்களுக்கும் குருக்களுக்கும் மூப்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இந்தக் கதையை மன்றாடிச் சொல்கிறேன். உங்களிடம் சொல்ல வருகிறவர் வீட்டில் பல இரவு ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறார். உங்கள் முகம் சுளித்தால் அவர் மறுபடி யாரிடமும் சொல்ல மாட்டார். கேட்டதை மறுநாள் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர் முழுக்கப் பரப்பினால் அவருக்கும் கேடு, அதைப் பார்க்கும் மற்ற எல்லாருடைய வாயும் அடைபடும். நம் சபைகளில் சாட்சி சொல்ல நேரம் ஒதுக்குகிறோம். ஜெயித்தவர்கள் மட்டும் மேடை ஏறுகிறார்கள். இன்னும் போராடிக்கொண்டிருக்கிறவர் எங்கே போய் உட்காருவார் என்று நாம் யோசித்ததுண்டா?

கடைசியாக ஒரு கேள்வி. இது எப்போது ஓயும், ஐயா? அம்மா சாராள் என்ற பாலைவனத் துறவி பதின்மூன்று ஆண்டு காம எண்ணத்தோடு போராடினார். போராட்டம் நீங்க வேண்டும் என்று ஒரு முறையும் அவர் ஜெபிக்கவில்லை, பலம் தாரும் என்று மட்டுமே கேட்டார் என்று பாலைவனப் பெரியோரின் மொழிகளைத் தொகுத்த நூலில் இருக்கிறது. எவாக்ரியுஸ் ஐம்பத்து நான்காம் வயதில் மரணப் படுக்கையில் இருந்தார். சரீர இச்சை தன்னை வருத்தாமல் இது மூன்றாவது ஆண்டு என்று அப்போது அவர் சீடர்களிடம் சொன்னதாகப் பல்லாதியுஸ் எழுதி வைத்திருக்கிறார். எகிப்துக்கு வந்து அதற்குள் பதினாறு ஆண்டு ஆகியிருந்தது.